‘அப்பா, ஒரு ரவுண்டு!’

சாயங்காலம் அப்பாவின் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு ஓடிவரும் பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். “அப்பா, ஒரு ரவுண்டு!” என்று செருப்புகூடப் போடாமல் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏறி நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார்கள். “மெதுவா போங்க” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். தெருவில் ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் அப்பா வண்டியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஓட்டுவார். பிள்ளை கத்திச் சிரிக்கும். இன்னும் உற்சாகம் வந்துவிட்டால், “இந்தா, நீ ஓட்டு” என்று ஆக்சிலேட்டரில் அந்தச் சின்னக் கையை வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொள்வார்.

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் அப்பாக்களுக்குப் பிள்ளையோடு கிடைப்பது பல வீடுகளில் இந்தப் பத்து நிமிடம்தான். அந்தப் பிரியத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த விளையாட்டில் அப்பா எடுப்பது தன் உடம்புக்கான ஆபத்தை மட்டும் இல்லை. முன்னால் நிற்கும் பிள்ளைக்கு ஆபத்து என்றால் என்னவென்றே தெரியாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. அப்பா இருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையில் அது நிற்கிறது. சட்டம் அந்தப் பிள்ளையைத் தனி உரிமையுள்ள தனி ஆளாகப் பார்க்கிறது. வீட்டில் நாமும் அப்படிப் பார்க்கத் தொடங்கினால் விபத்துக்கு முன்னாலும் பின்னாலும் நாம் எடுக்கும் பல முடிவுகள் மாறும்.

விபத்துகள் பெரும்பாலும் ஓடும் வண்டியில்தான் நடக்கும் என்று நினைக்கிறோம். கேட்டைத் திறக்கவோ, பால் பாக்கெட் வாங்கவோ, எஞ்சினை அணைக்காமல் அப்பா இறங்கும் அந்த அரை நிமிடமும் அதே அளவு ஆபத்தானது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, ஆக்சிலேட்டரை முறுக்கினாலே வண்டி கிளம்பிவிடும். முன்னால் நிற்கும் பிள்ளை அப்பா செய்வதைப் போலவே முறுக்கிப் பார்க்கிறது. வண்டி முன்னால் பாயும்போது பிள்ளையின் உடம்பு பின்னால் சாய்கிறது. பயத்தில் பிடி இறுகுகிறது, சாய்ந்த உடம்போடு மணிக்கட்டும் பின்னோக்கி மடங்குகிறது, ஆக்சிலேட்டர் இன்னும் திறந்துகொள்கிறது. பெரியவர்களுக்கே அந்த நேரத்தில் கையை விடத் தோன்றாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்? எதிரே சுவர் இருந்தால் சுவர், சாக்கடை இருந்தால் சாக்கடை, மெயின் ரோடு இருந்தால் மெயின் ரோடு. மின்சார ஸ்கூட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சின் சத்தமே இல்லாததால் வண்டி கிளம்பத் தயாராக நிற்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சைடு ஸ்டாண்ட் போட்டால் எஞ்சின் அணையும் வசதி புதிய வண்டிகளில் இருக்கிறது, ஆனால் ஸ்டாண்டைப் போட்டால்தான் அது வேலை செய்யும். ஆகவே வண்டியிலிருந்து ஒரு கால் இறங்கினாலும் சாவி பாக்கெட்டுக்குப் போக வேண்டும். முதலில் பிள்ளையை இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கேட், பால், கடைக்காரரிடம் பேச்சு எல்லாம்.

ஓடும்போது என்ன ஆகும்? “நான்தான் பிடிச்சிருக்கேனே” என்று எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் வண்டி எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 12 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்த 130 கிலோவுக்கு மேல் தூக்கும் பலம் வேண்டும். எந்த அப்பாவின் இடது கைக்கும் அந்தப் பலம் கிடையாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால், பதினொன்றரை அடி உயரத்திலிருந்து தரையில் விழும் வேகம் அது. கூடவே முன்னால் நிற்கும் பிள்ளை தனியாக மோதுவதும் இல்லை. ஹேண்டில்பாருக்கும் பின்னாலிருந்து சாயும் அப்பாவின் முழு எடைக்கும் நடுவில் அது சிக்கிக்கொள்கிறது.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தும் காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெற்றோரை ஏமாற்றிவிடும். வெளியே பார்த்தால் சின்ன வட்டமாக ஒரு கன்றிப்போன தடம் இருக்கும், அவ்வளவுதான். குழந்தையின் வயிற்றுத் தசை மெல்லியது, உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் கணையமும் குடலும் அதிகப் பாதுகாப்பில்லாமல் இருக்கின்றன. குடலிலோ கணையத்திலோ பட்ட காயம் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோகூட வெளியே தெரியலாம். பிள்ளை வாந்தி எடுக்கிறது, வயிற்றைத் தொட விடுவதில்லை, குனிந்தே நடக்கிறது, முகம் வெளிறுகிறது என்றால் “சூடு பிடிச்சிருக்கும்” என்று விட்டுவிடக் கூடாது.

பின்னால் உட்காரும் பிள்ளைக்குக் காலில் ஆபத்து. கால் எட்டாமல் தொங்கும்போது பாதம் சக்கரக் கம்பிக்குள் போய்க் குதிகால் தோலே உரிந்துவிடும். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்வரையாவது அதைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவைப் பலர் ‘டிரிபிள்ஸ்’ பிரிவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுபவரோடு ஒருவர்தான் போகலாம் என்பது அதில் பாதி. அந்த ஒருவரும் ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் பொருத்தப்பட்ட சரியான இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது மீதிப் பாதி. பெட்ரோல் டேங்கும் ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையும் அந்தச் சட்டத்தின் பார்வையில் இருக்கையே இல்லை.

நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் போட்டுத்தான் போக வேண்டும் என்கிறது 129-ஆவது பிரிவு. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் அது பொருந்தும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. அதற்குக் கீழே உள்ள வயதுக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரி 15 அன்று தனி விதி வெளியிட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசமோ, தரமான சைக்கிள் ஹெல்மெட்டோ வேண்டும். நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார்ப்பட்டை வேண்டும். பிள்ளையோடு போகும்போது வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. அந்தப் பட்டை ஒரு சட்டை மாதிரி இருக்கும், பிள்ளைக்கு மாட்டி, அதன் வார்களை ஓட்டுபவர் தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்கும்படி அது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் ஆகியும் நம் தெருக்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். ஒரு பிறந்தநாள் கேக்குக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

கார் இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரே வண்டி. கேரளத்தில் 2023-இல் கேமரா வைத்து அபராதம் போடத் தொடங்கியபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. மூன்றாவதாகப் போவது பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருந்தால் அபராதம் விதிப்பதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. மத்தியச் சட்டத்தில் விலக்குக் கேட்டதற்கு ஒன்றிய அமைச்சர் மறுத்துவிட்டார். அபராதம் இல்லாமல் போகலாம், ஆனால் அதனால் ஆபத்து குறையாது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவுக்கு வண்டியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அந்தப் பயணத்துக்குப் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோதான் வழி. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, பதினாலு வயதில் “தெருமுனை வரைக்கும்தானே” என்று சாவியை வாங்கும்போது விளையாட்டு வேறொரு கட்டத்துக்குப் போய்விடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. தன் சம்மதமோ கவனக்குறைவோ இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பெற்றோருடையது. சாவியை நாமே எடுத்துக் கொடுத்திருந்தால் அதை எப்படி நிரூபிப்பது?

“கட்டில்லேருந்து விழுந்துட்டான்”

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த ஒரு வாக்கியம்தான். பிள்ளைக்கு அடிபட்டதும் வீடே கதிகலங்கிப் போகிறது. பாட்டி அழுகிறார், அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, அப்பாவால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஆட்டோவில் போகும்போது கூட வரும் உறவினர் ஒருவர் சொல்வார்: “வண்டின்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும் மாப்பிள்ளை. கட்டில்லேருந்து விழுந்துட்டான்னு சொல்லிக்கலாம்.” அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இதைவிடக் கெட்ட ஆலோசனை அந்த நேரத்தில் இருக்க முடியாது.

தலையில் அடிபட்ட எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுப்பதில்லை. கதிர்வீச்சு இருப்பதால் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, பலரைச் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துப் பார்த்தாலே போதும். யாருக்கு எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய உதவும் பெரிய ஆய்வொன்று அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்டு 2009-இல் வெளியானது. அதில் முக்கியமான கேள்விகளில் ஒன்று, அடி எப்படிப் பட்டது என்பது. இரண்டு வயதுக்குக் கீழே மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தாலும், அதற்கு மேற்பட்ட வயதில் ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்தாலும், வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டாலும் அது கடுமையான அடியாகக் கணக்கிடப்படும். கட்டிலின் உயரம் ஒன்றரை, இரண்டு அடி. நாம் சொல்லும் அந்த ஒரு பொய் மருத்துவரின் கணக்கையே மாற்றிவிடும். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவில் ரத்தம் கசியும்போது பிள்ளை முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரம் கழித்துத் திடீரென்று மயங்குவதும் உண்டு.

ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என்ன வண்டி, எவ்வளவு வேகம், பிள்ளை எங்கே இருந்தது, தலைக்கவசம் இருந்ததா, எதில் மோதியது, மயங்கியதா, உடனே அழுததா. வீட்டுக்கு அனுப்பினாலும் அடுத்த ஒரு நாள் முழுக்கக் கவனம் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ நீர்போல் வடிவது, நடை தள்ளாடுவது, எதற்கும் அடங்காத அழுகை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. அடிபட்ட இடத்தில் பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டாம். காயத்தில் காப்பித்தூளும் மஞ்சள்தூளும் வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம்.

போலீஸ் கேஸ் வந்த பிறகுதான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மத்திய அரசும் 2025 மே மாதம் முதல், விபத்து நடந்த ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. கட்டிலிலிருந்து விழுந்ததாக எழுதிவிட்டால் இந்த இரண்டு வாசல்களையும் நாமே சாத்திக்கொள்கிறோம்.

சரி, போலீஸ் பயம்? அதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்கு வரலாம். சாதாரணக் காயத்துக்கு ஆறு மாதம் வரை, கொடுங்காயத்துக்கு மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. தன் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்து வேதனைக்கு உள்ளாக்குவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவில் குற்றம். கை தவறிய ஓர் அப்பாவுக்கும், ரீல்ஸ் எடுக்கப் பிள்ளையை டேங்கில் நிற்கவைத்து இரண்டு கையையும் விட்டு ஓட்டுபவருக்கும் இருக்கும் வித்தியாசம் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் தெரியும். நேர்மையாகச் சொல்லப்பட்ட தவறைவிட, பொய் சொல்லிப் பிறகு வெளிப்படும் தவறு மோசமாகத்தான் பார்க்கப்படும்.

பிள்ளையின் பணம்

வேறொரு வண்டியும் சேர்ந்து மோதிய விபத்தென்றால் பெரும்பாலான குடும்பங்கள், “தப்பு நம்ம மேலயும் இருக்கு, எப்படிக் கேக்கறது” என்று இழப்பீட்டை விட்டுவிடுகின்றன. இங்கேதான் பிள்ளை தனி ஆள் என்பதன் பொருள் தெரியும். அப்பா ஓட்டியதில் தவறு இருந்தாலும், உட்கார்ந்து வந்த பிள்ளையின் தலையில் அந்தத் தவறைக் கட்ட முடியாது. இரண்டு ஓட்டுநர்களின் தவறால் மூன்றாம் ஆள் காயப்பட்டால், அவர் முழு இழப்பீட்டையும் இருவரில் எவரிடமிருந்தும் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனம் அப்பாவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இதற்கான மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த ஊரிலோ நாம் குடியிருக்கும் ஊரிலோ போடலாம். பிள்ளையின் சார்பில் அம்மா போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது இப்போதைய சட்டம். கையில் இருக்க வேண்டியவை மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது எல்லோரும் சொல்லும் ஏ.ஆர். காப்பி, பிறகு எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் பெற்றதற்கான ரசீது மட்டும் கொடுத்தால், எஃப்.ஐ.ஆர். எப்போது பதிவாகும் என்று கேட்டுத் தொடர்ந்து போய்வர வேண்டும். ஏ.ஆர். காப்பியில் ‘கட்டில்’ என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.

வக்கீலுக்குப் பணமில்லை என்ற கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வேறு வண்டியே இல்லாமல் அப்பாவின் வண்டியே சறுக்கி விழுந்திருந்தால்? அப்போது எல்லாம் நம் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பொறுத்தது. செலவு குறைவென்று எடுக்கும் ‘தேர்டு பார்ட்டி’ பாலிசி, பின்னால் உட்கார்ந்து வரும் நம் வீட்டு ஆளுக்குப் பொருந்தாது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுப் பாதுகாப்பு தரும் ‘பேக்கேஜ்’ பாலிசி என்றால் பின்னால் இருப்பவருக்கும் உண்டு. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டைப் பார்த்து, குடும்பத்துக்கே பாதுகாப்பு இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது, அது அவர் ஒருவருக்கு மட்டும்தான். வண்டியில் பிள்ளை ஏறும் வீடுகளில் அடுத்த ரினீவலின்போது ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “பின்னாடி உக்கார்றவங்களுக்கு இதுல கவர் இருக்கா, எங்க எழுதியிருக்கு?”

காயம் ஆறிய பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கியது பிள்ளைதான் என்றால், பார்க்க வரும் உறவினர்கள் அதன் முன்னாலேயே சொல்வார்கள்: “சேட்டைக்காரன், இவன்தான் முறுக்கிட்டான்.” பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும். அப்பாவின் கால் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். நீதிமன்றம் ஏற்றாத பழியைச் சொந்தக்காரர்கள் ஏற்ற வேண்டாம். “வண்டியை ஆஃப் பண்ணாதது நான்தான், உன் மேல ஒரு தப்பும் இல்லைடா” என்று அப்பாவே சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னால் போதாது.

ராத்திரி அலறி எழுவதும், வண்டிச் சத்தத்துக்கே ஒதுங்குவதும், விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவதும் சில வாரங்கள் இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 தமிழிலும் பேசுகிறது. தூக்கம் வராமல் அந்த நொடியையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவும் அதே எண்ணில் பேசலாம்.